பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி

கம்பம்மெட்டு மலைப்பாதையில் பாறை உருண்டு விழுந்த மறுநாள் பஞ்சம்மாளுக்குப் பல்வலி. அந்தப் பல்வலி மட்டும் வந்திருக்காவிட்டால், அவள் பேர் எழுதிய பலகை ஒரு மேசையில் ஏறியிருக்காது.

பண்ணைப்புரத்திலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் பெண்கள் கருக்கலில் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள். பொழுது சாய இறங்கி வருவார்கள். பாதி ஊருக்கு அடுப்பு எரிவது இந்தப் போக்குவரத்தில்தான். ஆடி மழையில் மலை கொஞ்சம் இளகி, ஒரு பாறையைப் பாதையின் நடுவே இறக்கி வைத்துவிட்டது. சுற்றுவழியில் போனால் கூலி டீசலுக்கே சரியாகிவிடும். ஆகவே ஜீப்புகள் நின்றன. பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப் நிற்கிற இடத்துக்கு வந்து, மலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் மேலிடம் சும்மா இருக்காது என்பார்கள். இருக்கவில்லை. ஆடி மாதம் என்பதால் காலியாகக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைத் தேனியில் வாடகைக்குப் பிடித்து, 'மேற்கு மலையடிவார வட்டாரப் பொருளாதார இடையூறு எதிர்கொள்ளல் ஒருங்கிணைப்பு மையம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். பெயர் ஒரு சுவரில் அடங்காமல், மூலை திரும்பி, அடுத்த சுவரிலும் கொஞ்ச தூரம் போயிற்று. ஜனங்கள் 'இடையூறு ஆபீஸ்' என்றார்கள்.

மையத்தின் விதிப்படி குழுவில் பாதிக்கப்பட்டவர் ஒருவர் உட்கார வேண்டும். அதற்கு ஆள் பிடிக்க மகிமா என்ற பெண் வந்தாள். ஒப்பந்த உதவியாளர், சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை. ஜீப் நிறுத்தத்தில் இருந்த பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். பஞ்சம்மாள் மட்டும் கடைவாயில் கிராம்பை அதக்கிக்கொண்டு, தாடையைப் பிடித்தபடி, எதற்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த அக்கா நல்லா கவனிக்கிறாங்க" என்றாள் மகிமா.

"அவளா? அவ பல்லுவலில கெடக்கா. வாயத் தொறந்து பேசமாட்டாளே" என்றாள் ஜீப்பின் பெண்களுக்கெல்லாம் தலைவியான மொக்கம்மாள்.

"பரவாயில்லைக்கா. கூட்டத்துல பேசுறதுக்கெல்லாம் நேரம் இருக்காது."

பஞ்சம்மாளின் புருஷன் பால்பாண்டி, மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தவன், சேதி கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான். "இம்புட்டுப் பொம்பளைகள்ல ஒன்னயத் தேடிக் கூப்பிட்டுருக்காக. போயிட்டு வா புள்ள. வேலைக்குத்தேன் வழியில்லயே" என்றான். அவனுக்குத் தெரிந்தவரை, தேனிக்குக் கூப்பிட்டால் ஏதாவது கிடைக்கும்.

முதல் கூட்டத்தில் கிடைத்தது ஒரு நாற்காலி. மண்டபத்துக்காரர் வேறு நாற்காலி தராததால், மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட்டு நாற்காலிகள் இரண்டும் மேடையில் கிடந்தன. ஒன்றில் சிறப்பு ஒருங்கிணைப்பு அலுவலர் முத்துக்குமரன் அமர்ந்தார். மற்றதில், மரியாதை கருதி, பாதிக்கப்பட்டோர் பிரதிநிதியை உட்கார வைத்தார்கள். கீழே துறைவாரியாக ஆட்கள். இரண்டு பேரும் மாலை இல்லாத குறையோடு சபையைப் பார்த்தார்கள்.

முத்துக்குமரன் நல்ல பேச்சாளர். குரலை உயர்த்தாமலே பேசுவார்.

"ஒரு பாறையை அகற்றுவது எளிது. யார் வேண்டுமானாலும் அகற்றிவிடலாம். ஆனால் ஒருங்கிணைந்து அகற்றுவதுதான் கடினம். நாம் கடினமானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு விழுந்தது என்ன என்ற விவாதம் தொடங்கியது. கல் என்றால் ஒரு துறை. மண் என்றால் இன்னொரு துறை. கூடவே ஒரு மரமும் வேரோடு வந்திருப்பதாகப் படத்தில் தெரிந்ததால் வனத்துறையையும் கேட்க வேண்டும். கல்லில் மண் ஒட்டியிருக்கிறதா, மண்ணில் கல் புதைந்திருக்கிறதா என்பதில் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு, விழுந்தது 'கலப்புத் தன்மையுடைய திடப்பொருள்' என்று ஏகமனதாக முடிவாயிற்று. அது எந்தத் துறைக்கும் சொந்தமில்லை என்பதால் அனைவருக்கும் நிம்மதி.

நிகழ்ச்சி நிரலின் கடைசியில் 'பிரதிநிதியின் கருத்து' என்று இருந்தது. நல்லவேளையாக, அன்றைக்கு நேரமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மைக் பஞ்சம்மாளிடம் வந்தது. பல்வலி அப்போது சற்று அடங்கியிருந்தது.

"அந்தக் கல்ல எடுத்துப் போட்டாகன்னா நாங்க வேலைக்குப் போயிருவோம்யா" என்றாள்.

முத்துக்குமரன் அன்பாகச் சிரித்தார். "பிரதிநிதி நேராகத் தீர்வுக்குப் போய்விட்டார். தீர்வு நமது திட்டத்தில் கடைசிக் கட்டம். நாம் இப்போது முதல் கட்டத்தில் இருக்கிறோம். அவசரப்பட்டால் ஒருங்கிணைப்பு கெட்டுவிடும் அம்மா."

பஞ்சம்மாளுக்கு வெட்கமாகப் போயிற்று. பெரிய சபையில் முந்திரிக்கொட்டை மாதிரி பேசிவிட்டோமே என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மைக் வந்தாலும் அவள் வணக்கம் மட்டும் சொன்னாள்.

அடுத்த கட்டம், எல்லைக்கு அந்தப் பக்கத்தோடு ஒருங்கிணைவது. திரையில் கேரளத்து அலுவலர் ஒருவர் வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். முத்துக்குமரனுக்கு மலையாளம் புரியும். இருந்தாலும் விதிப்படி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, இருவருக்கும் புரிந்ததை இருவருக்கும் திரும்பச் சொன்னார். பாறை உங்கள் மலையில் இருந்து விழுந்தது என்றார் இவர். விழுந்தது உங்கள் ரோட்டில் என்றார் அவர். இருவரும் ஒருவரை ஒருவர் மனதாரப் பாராட்டிக்கொண்டார்கள். கிளம்பும் முன்பு அந்த அலுவலர் பஞ்சம்மாளைக் கவனித்து, "சேச்சி, சுகமாணோ?" என்றார்.

தோட்டத்து முதலாளிகளிடம் பல வருஷம் சொல்லிப் பழகிய வாய். "சுகந்தன்னே" என்று தானாகச் சொல்லிவிட்டது.

அது அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது: 'பாதிக்கப்பட்டோர் நலமாக உள்ளனர்.' ஊருக்கு வருவதாக இருந்த அரிசி மூட்டைகள் அந்தக் குறிப்பைப் பார்த்து வேறு ஊருக்குப் போய்விட்டன. மகிமாதான் போனில் சொன்னாள். ஊரில் ஒருத்தரும் பஞ்சம்மாளைத் திட்டவில்லை. மொக்கம்மாள் மட்டும், "சொகமாத்தேன் இருக்க போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். பஞ்சம்மாளுக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைக்கவில்லை. கிராம்பு வைத்து வைத்து ஈறு மரத்துப்போயிருந்தது. அந்த மரப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறதோ என்று அவளுக்குத் தோன்றியது.

ஆடி முடிவதற்குள் இடையூறு எதிர்கொள்ளல் ஒத்திகை வைத்தார்கள். உண்மையான பாறை மலைமேல் இருப்பதால் அங்கே போய் வருவது சிரமம். ஆகவே சின்னமனூருக்கு வெளியே, நல்ல தார் ரோட்டின் நடுவே, தெர்மாகோலில் ஒரு பாறை செய்து வைத்தார்கள். மதுரையிலிருந்து வந்த ஆள் அதற்குப் பாசி பிடித்த மாதிரி பச்சை வண்ணம்கூட அடித்திருந்தார். இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தினார்கள். திராட்சை லாரி, தக்காளி லாரி, வாழைத்தார் லாரி எல்லாம் வரிசையில் நின்று வெயிலில் வாடின. பஞ்சம்மாளைப் பாறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, மேலே ஒரு டிரோன் பறந்து படம் எடுத்தது.

"அக்கா, கொஞ்சம் கவலையா இருங்க" என்றாள் மகிமா.

பஞ்சம்மாள் முயற்சி செய்தாள். காலையில் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தபோது வராத கவலை, டிரோனுக்காக மட்டும் வந்துவிடுமா? முகம் வெறுமனே இருந்தது.

அப்போது காற்று வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்று அம்மியை நகர்த்தும் என்பார்கள். தெர்மாகோல் எம்மாத்திரம்? பாறை மெதுவாக எழுந்து, ஒரு குட்டிக்கரணம் போட்டு, லாரிகளின் தலைக்கு மேலே பறந்து, பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துப் பந்தலில் போய் இறங்கியது. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. தோட்டக்காரர் சீனிச்சாமி வரப்பில் ஓடி வந்து, "ஏலே, எவன்டா பாறைய எறிஞ்சது?" என்று கத்தினார்.

முத்துக்குமரன் அசரவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார். "பாறை எதிர்பார்த்தபடி ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் ஒத்திகை வெற்றி. காலையில் இந்த ரோட்டில் எந்த இடையூறும் இல்லை. இப்போது பாருங்கள்! லாரிகள் நிற்கின்றன. பழம் அழுகுகிறது. விவசாயி ஓடி வருகிறார். ஒரு முழுமையான பொருளாதார இடையூறை அரை நாளில் உருவாக்கக்கூடிய திறன் நமக்கு இருக்கிறது என்பதை நிரூபித்திருக்கிறோம்."

லாரி டிரைவர்களைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள்.

இதெல்லாம் தேனிப் பக்கம் நடந்துகொண்டிருக்க, மலைப்பக்கம் பொறுமை இல்லாத ஆட்கள் இருந்தார்கள். ஜீப் டிரைவர் சுருளிராஜனும் அவனுடைய கூட்டாளிகளும் கைக்காசைப் போட்டு ஒரு ஜேசிபியை மலை ஏற்றினார்கள். கல்லைப் பள்ளத்தில் தள்ளினார்கள். மரத்தை ஓரம் இழுத்துப் போட்டார்கள். ஆவணி பிறந்தபோது ஜீப்புகள் மறுபடி ஓடின.

கருக்கலில் ஹாரன் சத்தம் கேட்டதும் பஞ்சம்மாள் எழுந்து தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கைகள் தாமாக வேகமாக வேலை செய்தன. தலையில் துண்டைக் கட்டும்போது போன் அடித்தது. மகிமா.

"அக்கா, வேலைக்குக் கெளம்பிட்டீங்களா? போகாதீங்கக்கா. நீங்க வேலைக்குப் போனா பாதிக்கப்பட்டவரா இருக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் இல்லாம குழுக் கூட்டம் செல்லாது. கூட்டம் செல்லலேன்னா கூலி போனவங்களுக்குத் தர்ற நிவாரணத்துக்குக் கையெழுத்து ஆகாது. யாருக்குமே வராதுக்கா."

ஜீப்பில் எல்லோரும் காத்திருந்தார்கள். பஞ்சம்மாள் போனில் கேட்டதை அப்படியே சொன்னாள். மொக்கம்மாள் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"இருடி பஞ்சு. எங்க எல்லாத்துக்காகவும் இரு. இவ்வளவு நாளு சும்மா கெடந்ததுக்கு ஏதாச்சும் வரட்டும். ஒன் எடத்த நான் பாத்துக்கிறேன்."

பால்பாண்டியும் அதையே சொன்னான். பஞ்சம்மாள் தலைத்துண்டை அவிழ்த்து, பஸ்ஸுக்குப் போனாள்.

மையத்தில் அன்றைக்கு எல்லோர் முகமும் எழவு வீட்டு முகமாக இருந்தது. பாறை காணாமல் போன சேதி வந்திருந்தது. சுருளிராஜனை வரவழைத்தார்கள். அவன் லுங்கியை இறக்கிவிட்டு மேடைக்கு முன்னால் நின்றான்.

"குழுவின் பரிசீலனையில் இருந்த பாறையை நீங்கள் அகற்றியிருக்கிறீர்கள்" என்றார் முத்துக்குமரன்.

"ஆமா சார். தள்ளிவிட்டோம்."

"எங்கே?"

"பள்ளத்துல சார்."

"எந்த மாநிலத்துப் பள்ளம்?"

சுருளிராஜன் யோசித்தான். "பள்ளம் கெழக்கத்தான் எறங்குது சார். உருண்டு எங்கன போய் நின்னுச்சோ தெரியல."

"தெரியாது! நாங்கள் மூன்றாம் கட்டத்தில் அதன் நீள அகலத்தை அளப்பதாக இருந்தோம். ஐந்தாம் கட்டத்தில் அதன் எடை. இப்போது எதை அளப்பது? நீங்கள் ரோட்டைத் திறந்துவிட்டீர்கள், சரி. ஆனால் எங்கள் வழியை அடைத்துவிட்டீர்களே!"

பாறையின் ஒரு பகுதியையாவது கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. சுருளிராஜன் மறுநாள் ஜீப்பின் பின்னால் ஒரு கல்லைப் போட்டுக் கொண்டுவந்தான். அம்மிக்கல் அளவு இருந்தது. அந்தப் பாறையின் துண்டுதானா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அதை மேடையில் வைத்து, துறைவாரியாக அளந்தார்கள்.

ஆவணியின் முதல் முகூர்த்தம் மண்டபத்தில் நடந்தது. மையம் அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒதுங்கியது. மேடையில் இருந்த கல்லை எடுத்துச் செல்ல எழுத்துமூலம் அனுமதி வராததால் அது அங்கேயே இருந்தது. பெண்வீட்டார் அதை மண்டபத்துச் சாமி என்று நினைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் விழுந்து கும்பிட்டார்கள். மறுநாள் முத்துக்குமரன் மேடை ஏறியபோது கல்லைப் பார்த்தார், சுற்றும்முற்றும் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கல்லை அளக்க ஒருவரும் துணியவில்லை. கூட்டம் தொடங்கும் முன்னால் சூடம் காட்டுவது வழக்கமாயிற்று.

புரட்டாசி போயிற்று. மலையில் காய் எடுப்பு உச்சத்தில் இருந்தது. பஞ்சம்மாள் வெல்வெட்டு நாற்காலியில் இருந்தாள். டீ வந்தால் குடித்தாள், கைதட்டினால் தட்டினாள். ஏசிக் குளிரில் விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்திருந்தது. ஏலச்செடியின் அடியில் குனிந்து காயைத் தொட்டாலே முற்றலா பிஞ்சா என்று சொல்லும் விரல்கள். வீட்டில் மகள் திரிஷா, "என்னம்மா, கூப்பிட்டாக் கேக்க மாட்டேங்கிற?" என்றாள். கேட்டது. பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், போனை வீட்டில் போட்டுவிட்டு, கருக்கலில் ஜீப்புக்குப் போனாள். அவள் இடத்தில் ஒரு புதுப்பெண் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொக்கம்மாளின் நாத்தனார் மகள். பஞ்சம்மாளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். மொக்கம்மாள் அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள்.

"வச்சிருந்தேன் பஞ்சு. சத்தியமா வச்சிருந்தேன். ஆளு கொறஞ்சா ஜீப்பே வேணாம்னுட்டாரு முதலாளி. நான் என்னடி செய்வேன்?"

"அதுக்கென்ன மயினி" என்றாள் பஞ்சம்மாள்.

சுருளிராஜன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான்: "பின்னால தொத்திக்கிட்டு வாறீகன்னா வாங்கக்கா. அங்கன வேலை தருவாகளான்னு நான் சொல்ல முடியாது."

ஜீப்புக்குள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டு நின்றாளே தவிர ஏறவில்லை. ஜீப் போயிற்று. அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வராததால் வீட்டுக்குப் போய் நல்ல சேலை கட்டிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினாள். அன்றைக்கு மையத்தின் நிறைவு விழா.

மண்டபம் நிறைந்திருந்தது. கல்லுக்குப் புதுப் பட்டுத்துண்டு சாத்தியிருந்தார்கள். திரையில் ஒரு வரைபடம் மலை மாதிரி உயர்ந்து, பிறகு இறங்கி இறங்கி, தரையோடு கிடந்தது.

"நாம் தொடங்கியபோது பாதிக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்" என்றார் முத்துக்குமரன். "இன்று எத்தனை பேர்? ஒருவர்! ஒரே ஒருவர்!" வெல்வெட்டு நாற்காலியை நோக்கிக் கை நீட்டினார். சபை பஞ்சம்மாளைப் பார்த்தது. அவள் வணக்கம் சொன்னாள்.

"ஆனால் நண்பர்களே, ஒன்று என்பது பூஜ்யம் அல்ல. அந்த ஒன்றும் நம் மனதை உறுத்துகிறது. நேற்று முழுவதும் ஆராய்ந்தோம். இந்த அம்மா இன்று வேலையில் இல்லை. ஏன்? பாதை அடைபட்டதாலா? பாதை ஆவணியிலேயே திறந்துவிட்டது. திறந்த பாதையில் இவர் போகவில்லை. ஆகவே இவர் இடையூறால் பாதிக்கப்பட்டவர் அல்ல. வேலை இல்லாதவர். அது வேறு துறை."

கூடத்தில் ஒரு மெல்லிய சலசலப்பு, கணக்கு சரியாக வந்துவிட்ட மகிழ்ச்சியில்.

"அப்ப நிவாரணம்?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டது தன் குரல்தான் என்று பஞ்சம்மாளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"நல்ல கேள்வி" என்றார் முத்துக்குமரன். "நிவாரணம் பாதிக்கப்பட்டோருக்கு. இன்று இந்த வட்டாரத்தில் பாதிக்கப்பட்டோர் பூஜ்யம். பாதிக்கப்பட்டவரே இல்லாத நிலையைவிடப் பெரிய நிவாரணம் என்ன இருக்க முடியும்?"

கைதட்டல் வெகு நேரம் ஓயவில்லை. பஞ்சம்மாளும் தட்டினாள். ஒரு பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, பேர்ப்பலகையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

வாசலில் மகிமா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். அடையாள அட்டை கழுத்தில் இல்லை. "எனக்கும் இன்னியோட முடிஞ்சதுக்கா" என்றாள். பஸ் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். பஞ்சம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டுத் துடைத்துவிட்டு ஏறினாள். ஈரமாக இருந்திருக்கும். விரலுக்குத் தெரியவில்லை.

வீட்டில் பால்பாண்டி முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்து காத்திருந்தான். மகளும் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சொன்னாக?"

"நான் பூஜ்யம் ஆயிட்டேன்னாக."

பால்பாண்டி தலையணையைச் சரிசெய்துகொண்டு கேட்டான்.

"அது நல்லதா, கெட்டதா?"

"தெரியல. எல்லாரும் கை தட்டுனாக."

"அப்ப நல்லதாத்தேன் இருக்கும்" என்றான் பால்பாண்டி.